நிலத்துக்கு அடியில் இருப்பதாக நம்பிய கலம்

கேள்வி சுருக்கமாக இது: 2016-இல் ஐரோப்பா செவ்வாய்க்கு அனுப்பிய ஸ்கியாபரெல்லி என்ற சோதனைக் கலம், ஒரு கருவி ஒரே ஒரு விநாடி தவறாகக் காட்டியதால் தரையில் மோதிச் சிதறியது என்கிறார்களே, அது உண்மையா? ஒரு விநாடிப் பிழைக்கு இவ்வளவு பலமா? விழுந்த பிறகும் "சோதனைதானே, பாடம் கிடைத்தது" என்று அவர்கள் சொல்லிக்கொண்டது நியாயமா?

முதல் கேள்விக்குப் பதில்: உண்மைதான், ஆனால் அரைகுறை உண்மை. அந்த ஒரு விநாடி வெறும் தீக்குச்சி. வைக்கோல் போரை அடுக்கியவர்கள் பூமியில் இருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு: பாதி நியாயம். மீதிப் பாதியை அவர்களே தங்கள் விசாரணை அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆலைகளில் அளவுகருவிகளோடு பல ஆண்டுகள் மாரடித்தவன் என்ற முறையில் இந்த விபத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அது என்ன கலம் என்று பார்ப்போம். ஐரோப்பிய விண்வெளி முகமையும் ரஷ்யாவின் ரோஸ்கோஸ்மாஸும் சேர்ந்து நடத்திய எக்ஸோமார்ஸ் திட்டத்தின் முதல் பயணம், 2016 மார்ச் 14 அன்று பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் கிளம்பியது. போனவை இரண்டு. ஒன்று, செவ்வாயைச் சுற்றிவந்து அதன் காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் வாயுக்களை அளக்கும் சுற்றுக்கலன். மற்றொன்று அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு போன ஸ்கியாபரெல்லி. சுமார் 577 கிலோ எடை. வெப்பக் கவசத்தோடு சேர்த்து 2.4 மீட்டர் விட்டம். அதில் சூரியத் தகடு கிடையாது, பேட்டரி மட்டும். இறங்கிய பிறகு சில நாட்கள் காற்று, வெப்பம், தூசி, மின்புலம் ஆகியவற்றை அளந்துவிட்டுக் கண்ணை மூடிவிட வேண்டியதுதான். அதன் உண்மையான வேலை இறங்குவது, இறங்க முடியும் என்று காட்டுவது. அடுத்து வரப்போகும் பெரிய ஊர்திக்கு அது ஓர் ஒத்திகை.

ஒத்திகை ஏன் தேவைப்பட்டது என்றால், ஐரோப்பாவுக்குச் செவ்வாயின் தரை அதுவரை வசப்படவில்லை. 2005 ஜனவரியில் சனிக் கோளின் டைட்டன் துணைக்கோளில் ஹைகன்ஸ் கலத்தைப் பாராசூட்டில் அழகாக இறக்கியவர்கள்தான் அவர்கள். ஆனால் 2003 கிறிஸ்துமஸ் நாளில் செவ்வாயில் இறங்க வேண்டிய பிரிட்டனின் பீகிள்-2 வாயே திறக்கவில்லை. 1971-இல் சோவியத்தின் மார்ஸ்-3 இறங்கிய இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிப்போனது. அந்தத் தரையில் இறங்கி ஒழுங்காக வேலை பார்த்த கலங்கள் என்றால் 2016 வரை எல்லாமே அமெரிக்கக் கலங்கள்தாம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜியோவானி ஸ்கியாபரெல்லி 1877-இல் மிலான் நகரின் பிரெரா வானாய்வகத்திலிருந்து செவ்வாயைப் பார்த்து, அதன் மேல் நீண்ட கோடுகள் தெரிவதாக வரைந்தவர். இத்தாலிய மொழியில் அவர் எழுதிய "கனாலி" என்ற சொல் வெறும் நீர்த்தடம் என்றும் பொருள்படும். அது ஆங்கிலத்துக்குப் போகும்போது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. கால்வாய் இருந்தால் வெட்டியவர்களும் இருக்க வேண்டுமே என்று உலகமே கிளம்பிவிட்டது. அந்தக் கோடுகளும் கண்ணின் மயக்கம்தான். செவ்வாயில் இல்லாததை இருப்பதாகக் கண்ட ஒருவரின் பெயரை இந்தக் கலத்துக்கு வைத்தது எவ்வளவு பொருத்தமாகப் போகும் என்று பெயர் வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 16 அன்று சுற்றுக்கலனிலிருந்து பிரிந்து, மூன்று நாள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே போய், 19 அன்று ஸ்கியாபரெல்லி செவ்வாயின் காற்றுக்குள் நுழைந்தது. நுழையும்போது உயரம் சுமார் 121 கிலோமீட்டர், வேகம் மணிக்கு ஏறக்குறைய 21,000 கிலோமீட்டர். மொத்த இறக்கமும் ஆறு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். செவ்வாயின் காற்றழுத்தம் நம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எரித்துவிடும் அளவுக்குக் காற்று இருக்கிறது, நிறுத்தும் அளவுக்கு இல்லை. அதனால் மூன்று கட்டம். முதலில் வெப்பக் கவசம் உரசி உரசி வேகத்தை மணிக்கு 1,700 கிலோமீட்டர் அளவுக்குக் குறைக்கும். சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் 12 மீட்டர் பாராசூட் விரியும். நாற்பது விநாடி கழித்து முன்பக்கக் கவசம் கழன்று விழ, அதுவரை மறைந்திருந்த ரேடார் தரையைப் பார்க்கத் தொடங்கும். தரைக்கு 1.2 கிலோமீட்டர் அளவில் பாராசூட்டையும் முதுகு ஓட்டையும் கழற்றிவிட்டு, ஒன்பது சிறு உந்துபொறிகள் ஏறக்குறைய 30 விநாடி எரிந்து வேகத்தை அடக்கும். கடைசி இரண்டு மீட்டர் தொப்பென்று விழ வேண்டியதுதான். அந்த அடியை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்கென்றே அடியில் ஒரு பகுதி இருந்தது.

அன்று செவ்வாயிலிருந்து சமிக்ஞை பூமிக்கு வர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும் தூரம். அதாவது கலம் காற்றைத் தொட்டது என்ற செய்தி நமக்கு வரும்போது, அங்கே எல்லாம் முடிந்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். யாரும் குறுக்கிட வழியில்லை; கலம் தானே முடிவெடுக்க வேண்டும். இந்த இடத்தில் நம் பக்கத்துக் காட்சி ஒன்று உண்டு. ஸ்கியாபரெல்லியின் மெல்லிய குரலைப் பூமியில் நேரடியாகக் கேட்க முயன்றது புணேக்கு வடக்கே நாராயண்காவ் அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி. தலா 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது தட்டுகள். பல கோடி கிலோமீட்டர் தாண்டிவந்த அந்த முனகல் என்ன பேசுகிறது என்பது அவற்றுக்குப் புரியாது. "ஒலிக்கிறது, ஒலிக்கவில்லை" என்பது மட்டும் தெரியும். கலம் உறக்கத்திலிருந்து விழித்தது கேட்டது. காற்றுக்குள் நுழைந்தது தெரிந்தது. பாராசூட் விரிந்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. பிறகு, தரையிறங்க வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பே குரல் நின்றுவிட்டது.

பேச்சின் உள்ளடக்கம் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது. அதே நேரத்தில் தாய்க்கலமான சுற்றுக்கலன் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் புகுவதற்காகத் தன் பெரிய எந்திரத்தை 139 நிமிடம் எரித்துக்கொண்டிருந்தது. எரித்துக்கொண்டே குஞ்சு சொன்னதையெல்லாம் பதிவும் செய்தது. 1999-இல் நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் விழுந்தபோது இறங்கும் வேளையில் எந்தத் தகவலும் அனுப்பாத வடிவமைப்பாக இருந்ததால், காரணத்தை ஊகத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது. கால்கள் விரிந்த அதிர்வைத் தரை தட்டியதாக எடுத்துக்கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே எந்திரத்தை அணைத்திருக்கக்கூடும் என்பது அந்த ஊகம். ஸ்கியாபரெல்லி விஷயத்தில் ஊகத்துக்கு வேலையில்லை. கடைசி நொடிவரை கலம் என்ன நினைத்தது என்பது எழுத்தில் இருக்கிறது. எனக்கு இந்த விபத்து பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்: இறந்தவரே சாட்சி சொல்லியிருக்கிறார்.

அந்தச் சாட்சி சொன்னது இது.

பாராசூட் விரிந்தது. விரியும்போது வந்த இழுப்பில் கலம் ஊசலாடியது. விநாடிக்கு இரண்டு மூன்று முறை என்ற வேகத்தில் அப்படியும் இப்படியும். ஆட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள், இவ்வளவு என்று எதிர்பார்க்கவில்லை. கலத்துக்குள் இருந்த நிலைமக் கருவி, அதாவது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளக்கும் கைரோ தொகுதி, தன் அளவுகோலின் உச்சத்தைத் தொட்டுவிட்டது. பழைய பேப்பர்க்காரர் கையில் தொங்கும் ஸ்பிரிங் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு பத்துக் கிலோவரைதான் என்றால் பன்னிரண்டு கிலோக் கட்டைத் தொங்கவிட்டாலும் பத்துதான், இருபது கிலோவைத் தொங்கவிட்டாலும் பத்துதான். முள் அடியில் போய் முட்டி நிற்கும். அதைத்தான் செறிவு நிலை என்கிறோம். கருவி பொய் சொல்லவில்லை; "எனக்கு மேல் போய்விட்டது" என்று ஒரு கொடியைத் தூக்கிக் காட்டியது. அதுவும் சரியான நடத்தைதான்.

கோளாறு எங்கே என்றால், கட்டை இறக்கி வைத்த பிறகும் முள் உடனே திரும்பவில்லை. உண்மையில் அந்த அதிவேகத் திருப்பம் கணப்பொழுதுதான் இருந்தது. அடுத்த கணம் கலம் மறுபக்கம் ஊசலாடத் தொடங்கிவிட்டது. ஆனால் கருவி தூக்கிய கொடியை ஏறக்குறைய ஒரு விநாடி இறக்கவேயில்லை. அந்த ஒரு விநாடி முழுவதும் வழிகாட்டும் மென்பொருள் என்ன செய்தது? "உச்ச வேகத்திலேயே ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறோம்" என்று எடுத்துக்கொண்டு, வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனது. சின்ன வயதில் கைகளை விரித்துத் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சட்டென்று நின்ற பிறகும் காதுக்குள் இருக்கும் திரவம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் நேராக நிற்கிறோம், ஆனால் திண்ணையும் வேப்பமரமும் சாய்கின்றன. ஸ்கியாபரெல்லிக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான். நமக்குத் தலைசுற்றல் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். அதற்குத் தெளிய வழியில்லை, ஏனென்றால் கூட்டல் கணக்கில் ஏறிய பிழை தானாக இறங்காது. கணக்கு முடிந்தபோது பிழை சுமார் 165 பாகை. கலம் பாராசூட்டில் ஏறக்குறைய நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. தான் தலைகீழாக, அடிப்பாகம் வானத்தைப் பார்த்தபடி இருப்பதாக அது நம்பியது.

இத்தனைக்கும் அதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆட்டம் தானாக அடங்கியது. கவசம் ஒழுங்காகக் கழன்றது. ரேடார் விழித்துத் தரையைப் பார்த்து, தூரத்தைச் சரியாகவே சொன்னது. இங்கேதான் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று உயிரைக் குடித்தது. ரேடார் சொல்வது தன் கற்றை போகும் திசையில் உள்ள தூரம். கலம் சாய்ந்திருந்தால் அது சாய்வுத் தூரம். அதைச் செங்குத்து உயரமாக மாற்ற, சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 10 பாகை சாய்வு என்றால் கொசைன் 0.98, தூரமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கோணம் 90-ஐத் தாண்டினால் கொசைன் எதிர்மறை ஆகிவிடும். 165 பாகையின் கொசைன் –0.97. ரேடார் "நான்கு கிலோமீட்டர்" என்றால், மென்பொருளின் கணக்கில் உயரம் –3.9 கிலோமீட்டர். அதாவது கலம் செவ்வாயின் தரைக்கு நான்கு கிலோமீட்டர் கீழே, பாறைக்குள், பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் எவருக்கும் சிரிப்பு வரும். "உயரம் சுழியத்துக்குக் கீழே போனால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? போதும்தான், அந்த வரி இல்லை. அதைவிட வேடிக்கை, வேறொரு சோதனை இருந்தது. ரேடார் சொல்வதும் நிலைமக் கருவி சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒத்துப்போகவில்லை என்று சரியாகவே கண்டுபிடித்தது. பிறகு? ஐந்து விநாடி காத்திருந்துவிட்டு, ரேடார் இல்லாமல் எப்படியும் இறங்க முடியாது என்ற தர்க்கத்தில், வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு ரேடாரின் கணக்கைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தர்க்கத்திலும் தவறில்லை. ரேடார் சொன்னது உண்மைதான். யாரைச் சந்தேகிப்பது என்பதில்தான் கோட்டைவிட்டது.

உயரம் எதிர்மறை என்றானதும் மற்றதெல்லாம் எழுதிவைத்தபடி மளமளவென்று நடந்தது. 1.2 கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டோமா? ஆம், எப்போதோ. பாராசூட்டைக் கழற்று. கழற்றியது. உந்துபொறியை எரி. எரித்தது. தரைக்கு மிக அருகில் வந்துவிட்டோமா? ஆம். அணை. மூன்றே விநாடியில் அணைத்தது. அப்போது கலம் உண்மையில் சுமார் 3.7 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து அரை நிமிடத்துக்குச் சற்று மேல், தடுப்பார் யாருமின்றி விழுந்தது.

அந்த அரை நிமிடத்தில் அது செய்ததுதான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. இறங்கிவிட்டோம் என்று நம்பியதால், தரையில் செய்ய வேண்டிய வேலைகளைத் தொடங்கிவிட்டது. வானிலைக் கருவிகளை இயக்கத் தயாரானது. விழுந்துகொண்டிருக்கும் ஒருவன் ஊர் வந்துவிட்டது என்று எழுந்து பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து மடித்து வைப்பதைப் போல. விநாடிக்கு 150 மீட்டர், அதாவது மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் மெரிடியானி சமவெளியில் மோதியது. திட்டமிட்ட நேரத்துக்கு 34 விநாடி முன்னதாக.

மறுநாளே நாசாவின் சுற்றுக்கலன் ஒன்று அந்த இடத்தைப் படம் எடுத்தது. மே மாதப் படத்தில் இல்லாத இரண்டு புள்ளிகள்: ஒன்று வெள்ளை, பாராசூட், அதிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கறுப்புத் தடம். ஒரு வாரத்துக்குள் கூர்மையான படம் வந்தது, சுமார் 2.4 மீட்டர் அகலத்தில், அரை மீட்டர் ஆழத்தில் ஒரு குழி. கலத்தின் விட்டமும் குழியின் விட்டமும் ஒன்றாகிவிட்டன. குறித்த மையப்புள்ளியிலிருந்து 5.4 கிலோமீட்டர்தான் விலகியிருந்தது. நூறு கிலோமீட்டர் நீள இலக்கு வட்டாரத்துக்கு அது அருமையான குறி. பாதை தப்பவில்லை, கவசம், பாராசூட், ரேடார் எல்லாம் வேலை செய்தன. அதனால்தான் இந்தத் தோல்வி இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

இனி வைக்கோல் போருக்கு வருகிறேன். விசாரணைக் குழுவின் அறிக்கை 2017 மே மாதம் வெளியானது. அதில் என் கண்ணில் ஆணியடித்தாற்போல் நின்ற விவரம் ஒன்று. நிலைமக் கருவி தூக்கிய கொடியை எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்ற எண், கருவியை வாங்கிச் சோதித்து ஏற்றுக்கொண்டபோது யாராலும் பதிவு செய்யப்படவில்லை. 15 மில்லிவிநாடி என்று நம்பியிருந்தார்கள். நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான். உண்மையில் வந்தது அதைப்போல அறுபது மடங்குக்கு மேல். 15 மில்லிவிநாடி என்றால் பிழை இரண்டு மூன்று பாகையில் அடங்கியிருக்கும். ரேடார் கணக்கில் அது தெரிந்தே இருக்காது. கருவியைச் செய்தவர் ஒருவர், மென்பொருளை எழுதியவர் ஒருவர், பாராசூட்டின் ஆட்டத்தைக் கணித்தவர் ஒருவர். மூவரும் தங்கள் வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். இந்த மூவருக்கும் இடையில் கைமாறிய எண்களை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் வருடத்தில் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதே கதை நடந்தது. ஒரு தொட்டியின் நீர்மட்டக் கருவி உச்ச அளவில் போய் ஒட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பு தொட்டி நிரம்பிவிட்டது என்று வால்வை மூடிவிட்டது. தொட்டி காலியாகி, பம்பு வறண்டு ஓடிக் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தொட்டியின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. வயதான ஆபரேட்டர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், "திரையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள், தம்பி" என்றார். செவ்வாயில் கண்ணாடிக் குழாயும் இல்லை, அதைப் பார்க்கச் சொல்லும் ஆபரேட்டரும் இல்லை. அவர் செய்யும் வேலையை மென்பொருளுக்குள் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

"அப்படியானால் நம்ப முடியாத எண் வந்தால் ஒதுக்கிவிடு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது" என்று தோன்றும். அவ்வளவு எளிதில்லை. 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் ஹக்குட்டோ-ஆர் கலத்தை நிலவில் இறக்க முயன்றது. இறங்கும் வழியில் கலம் ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பைக் கடந்தது. கீழே தரை திடீரென்று மூன்று கிலோமீட்டர் இறங்கியது. ரேடார் அதை உண்மையாகச் சொன்னது. மென்பொருளோ, "ஒரே தாவலில் மூன்று கிலோமீட்டரா? ரேடார் பழுது" என்று அதை ஒதுக்கிவிட்டது. தரையைத் தொட்டுவிட்டோம் என்ற நினைப்பில் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் எரிபொருளைத் தீர்த்துவிட்டு விழுந்தது. ஸ்கியாபரெல்லி சந்தேகிக்க வேண்டியதை நம்பிக் கெட்டது. ஹக்குட்டோ நம்ப வேண்டியதைச் சந்தேகித்துக் கெட்டது. ஒரே நோய்க்கு இரண்டு எதிர்த்திசை மரணங்கள். எந்தக் கருவி எந்தச் சூழ்நிலையில் எப்படிப் பிதற்றும் என்பதை முன்கூட்டி அளந்து தெரிந்துகொள்வதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஐரோப்பாவுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியான்-5 ராக்கெட்டின் முதல் பயணம் 40 விநாடிகூடத் தாண்டவில்லை. அதிலும் நிலைமக் கருவிதான்: ஏரியான்-4-க்காக எழுதிய மென்பொருள், புதிய ராக்கெட்டின் வேகத்தில் வந்த பெரிய எண்ணைச் சிறிய பெட்டிக்குள் அடைக்க முயன்று நிலைகுலைந்தது. இருபது வருட இடைவெளியில், "இந்த எண் இதற்கு மேல் போகாது" என்ற அதே நம்பிக்கை.

இப்போது நியாயத்துக்கு வருவோம். "இது சோதனைக் கலம், சோதனை என்றால் தெரியாததைத் தெரிந்துகொள்வது, தெரிந்துகொண்டோம்" என்ற வாதத்தை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். 21,000 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கவசம் தாங்கியது, ஒலியைவிட வேகமாகப் போகையில் பாராசூட் விரிந்தது, விரியும்போது கலம் எப்படி ஆடும் என்பதெல்லாம் பூமியில் முழுமையாகப் பார்க்க முடியாதவை. அந்த எண்கள் தங்கம். பாராசூட் ஆட்டத்தைக் குறைத்துக் கணித்ததும் அந்த வகையில் மன்னிக்கத்தக்கது.

ஆனால் மீதி? விபத்து நடந்து ஐந்து வாரத்துக்குள், அந்த ஒரு விநாடிச் செறிவைக் கணினிப் போலிப் பயணத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். கலம் அதேபோல் எதிர்மறை உயரத்தைக் கணித்தது, அதேபோல் பாராசூட்டைக் கழற்றியது. அப்படியென்றால் அதே கணினியில், அதே மென்பொருளில், கிளம்புவதற்கு முன்பே அந்த எண்ணைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். எதிர்மறை உயரத்தைக் கண்டுபிடிக்கச் செவ்வாய்வரை போயிருக்க வேண்டியதில்லை. மேசையிலிருந்து எழுந்திருக்கவே வேண்டியதில்லை. "சோதனை" என்ற சொல் முதல் வகைப் பிழைக்குப் பொருந்தும்; இரண்டாம் வகைக்கு அதைப் போர்த்துவது சால்வை போர்த்திக் காயத்தை மறைப்பதுதான். குழுவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: ஆட்டத்தின் நிச்சயமின்மையைக் குறைத்து மதிப்பிட்டது, செறிவைக் கையாளும் முறை போதாதது, பழுது வந்தால் சமாளிக்கும் ஏற்பாடு வலுவில்லாதது, துணை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து வாங்கியதைச் சரிபார்க்காதது. அடுத்த பயணத்துக்கென்று 16 பரிந்துரைகளையும் வைத்தது. இவ்வளவையும் ஒளிக்காமல் வெளியிட்டதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு.

நம்மூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு 2019 செப்டம்பர் 7 ஞாபகம் வராமல் இருக்காது. சந்திரயான்-2-இன் விக்ரம் நிலவில் மோதியது. எந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளியது, பிழைகள் சேர்ந்துகொண்டே போனது, அவற்றைத் திருத்திக்கொள்ள மென்பொருளுக்கு இடம் குறைவாக இருந்தது என்று பின்னர் விளக்கினார்கள். சந்திரயான்-3-இல் 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் ஆக்கினார்கள், வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவியைச் சேர்த்தார்கள், கால்களை வலுவாக்கினார்கள். "எது எது தவறலாம்" என்று பட்டியல் போட்டுவிட்டு வடிவமைத்தார்கள். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. நான்கே வருடத்தில் மறுமுயற்சி.

ஐரோப்பாவுக்கு அந்த வாய்ப்பு அவ்வளவு சீக்கிரம் வாய்க்கவில்லை. ஸ்கியாபரெல்லி யாருக்காக ஒத்திகை பார்த்ததோ அந்த ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி 2020-இல் கிளம்ப வேண்டியது. 2019-இல் ஸ்வீடனில் நடந்த உயரச் சோதனைகளில் அதன் பாராசூட்டுகள் கிழிந்தன. பயணம் 2022-க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது; கூட்டணி முறிந்தது; ரஷ்யர்கள் செய்து வைத்திருந்த தரையிறங்கு மேடை போயிற்று. இப்போது ஐரோப்பியர்கள் தாங்களே புதிய மேடையைச் செய்து, நாசாவின் உதவியோடு 2028-இல் அனுப்பி 2030-இல் இறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

தாய்க்கலம் மட்டும் அன்றிலிருந்து செவ்வாயைச் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. எதிர்பார்த்த மீத்தேனை அது காணவில்லை என்பது தனிக் கதை. கியூரியாசிட்டி போன்ற அமெரிக்க ஊர்திகள் தரையில் சேகரிக்கும் தகவலில் பெரும் பங்கைப் பூமிக்கு அஞ்சல் செய்வதும் அதுதான். 2030-இல் புதிய ஊர்தி இறங்கும்போது நீங்கள் நேரலை பார்ப்பீர்களானால், பாராசூட் விரிந்தது என்று எல்லோரும் கைதட்டும் கணத்தில் கைதட்டாதீர்கள். அதற்குப் பிறகு உயரம் எத்தனை என்று திரையில் ஓர் எண் ஓடும். நான் அதற்கு முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.